கடிகாரத்தைக் கழற்றி வைப்பவர்

வழிகாட்டும் அதிகாரி என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். உங்களை எதிரே உட்காரவைத்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, மேசைமேல் குப்புற வைப்பார். இந்த ஆறு வருடத்தில் நான்கு அதிகாரிகளிடம் இதைப் பார்த்துவிட்டேன். இந்த அரை மணி நேரம் முழுக்க உனக்குத்தான் என்று அதற்குப் பொருள். பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. அவருக்கு.

நான் வேலை செய்வது லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது கூப்பிடுவார்கள். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதிகாரியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே சேர்ந்த முதல் வாரத்தில் ஒருவரைக் காட்டி, இவர்தான் உனக்கு மென்ட்டர் என்றபோது, லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது.

ஒரே ஒரு கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டு போனேன்: உள்ளே மாட்டிக்கொண்டவர் அழ ஆரம்பித்தால் என்ன சொல்வது?

"நல்ல கேள்வி" என்றார். இந்த இனம் நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் வராது என்று அர்த்தம். தான் இரண்டே சட்டையோடு வேலைக்கு வந்ததையும், தன் திறமையைக் கண்டு முதல் மேலாளர் மிரண்டதையும், மூன்று கம்பெனிகள் கெஞ்சியும் போகாமல் இருந்ததையும், விடியலில் எழுந்து ஓடுவதையும், ஓடும்போது தலைக்குள் வரும் சிந்தனைகளையும் ஒன்றுவிடாமல் சொல்லி, பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று முனையிலும் மூன்று சொற்களை எழுதி, எல்லாவற்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, புரிகிறதா என்று கேட்டார். தலையாட்டினேன். இல்லை என்றால் இன்னொரு முக்கோணம் வரும். என் கேள்வியைத் தயங்கி நினைவுபடுத்தினேன். "பதிலை நானே சொல்லிட்டா நீ எப்பம்மா வளருவ?" என்றார்.

அன்று மாலையே லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் அழுதார். பக்கத்து மேசை அக்கா, பத்து வருடமாக அதே நாற்காலியில் இருப்பவர், எந்த மென்ட்டர் பட்டியலிலும் இல்லாதவர், என் காதிலிருந்த ஹெட்செட்டை ஒரு பக்கம் விலக்கி, "முதல்ல பேரைக் கேளு. அப்புறம் பேரைச் சொல்லியே பேசு" என்றார். கேட்டேன். பேசினேன். அழுகை அடங்கியது. அக்காவுக்கு ஆனது பத்து விநாடி. கடிகாரம் அவர் கையிலேயே இருந்தது.

பயிற்சிக்காலம் முடிய ஒரு படிவம் உண்டு. ஒரே பக்கம். மென்ட்டர் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். தேதிக்குள் வராவிட்டால் பயிற்சி இன்னும் ஆறு மாதம் நீளும். அம்மாவோ அதற்குள், அடுத்த மாதத்திலிருந்து இரவு ஷிப்ட்டுக்கு வரமாட்டேன் என்று தையல் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூன்று முறை நினைவூட்டினேன். மூன்றாம் முறை படிவத்தையே நீட்டினேன். "என்னம்மா ஃபார்ம் ஃபார்ம்னு. உன்னை ஒரு பக்கத்துல அடக்கிட முடியுமா? ஆற அமர எழுதணும். உக்காரு" என்று கடிகாரத்தைக் கழற்றினார். அரை மணி நேரம் பொறுமையைப் பற்றிப் பேசினார். படிவம் கடிகாரத்துக்கு அடியில் கிடந்தது.

தேதி போயிற்று. வழிகாட்டல் நிறைவடையாததால் ஆறு மாத நீட்டிப்பு என்று கடிதம் வந்தது. அதைப் படித்த அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "பாத்தியா, நமக்கு இன்னும் ஆறு மாசம் கிடைச்சிருக்கு" என்றார். அம்மா கடிதத்தை மடித்து வைத்தாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், அதே ஷிப்ட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த ஆண்டின் சிறந்த வழிகாட்டி விருது யாருக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேடைக்கு என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு வந்தப்ப வாயே திறக்காது. இன்னைக்கு அழறவங்களையே பேசி அடக்குது" என்றார். கைதட்டல். "பேரைச் சொல்லுங்க சார்" என்று கீழேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கைப் பார்த்தேன்.

"பேரா முக்கியம்? வளர்ச்சிதான் முக்கியம்."

இன்னும் பலமான கைதட்டல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன். படிவத்தில் முதல் கட்டமே பயிற்சி பெறுபவரின் பெயர்தான். மனிதர் அதை ஏன் தொடங்கவே இல்லை என்று அப்போது விளங்கியது.

பிறகு அவரைத் தலைமையகத்துக்கு உயர்த்தினார்கள். மென்ட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க! அவர் இடத்துக்கு வந்தவர் என் பெயரைக் கேட்டு, புதுப் படிவத்தை நின்றபடியே நிரப்பிக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் புதிதாக ஒரு பெண் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தாள். நல்ல கேள்வி என்றேன். நான் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டில் யாருமே படித்தவர்களில்லை என்று ஆரம்பித்து, வெகுதூரம் போய், அவள் தலையாட்டுவதைக் கவனித்துத்தான் நிறுத்தினேன். மேசையில் என் கடிகாரம் குப்புறக் கிடந்தது. உங்களுக்குக் கீழே யாரும் வேலை செய்கிறார்களா? வீட்டில் தம்பியோ மகளோ உங்களிடம் யோசனை கேட்பதுண்டா? அப்படியானால் கொஞ்சம் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது வேண்டுமானாலும் கேள் என்று என் பழைய மென்ட்டர் இன்றைக்கும் செய்தி அனுப்புகிறார். போன மாதம் கேட்டேன். பதவி உயர்வுப் பட்டியலில் என்னோடு சேர்ந்தவர்களுக்கு நான் ஆறு மாதம் பின்னால் நிற்கிறேன், பழைய படிவத்தை இப்போது நிரப்பிக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுவார்களாம் சார் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது.

"நல்ல கேள்விம்மா."

அவர் விட்டுப்போன பழைய படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. முதல் கட்டம் இன்னும் காலி.