எலும்புக்கூட்டுக்கு ஒரு டோக்கன்

பெங்களூருவாசிகளின் ரத்தக்கொதிப்புக்கு டிராஃபிக்தான் காரணம் என்பவர்கள் எங்கள் லிங்கராஜபுரம் டோக்கன்காரரைச் சந்திக்காதவர்கள்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருடம் டோக்கன் கொடுத்தவர் அவர். கீழே இறங்குபவன் டோக்கன் வாங்க வேண்டும், மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் இவர் வீட்டுக்குப் போக முடியாது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இவரை மூடத்தான் ஆளில்லை. தன் வீட்டு கேட்டில் மேலும் கீழும் ஆணி அடித்த பலகை ஒன்றை மாட்டி, தெருவில் அத்தனை பேருக்கும் நம்பர் போட்டுவிட்டார். வெளியே போனால் நம் டோக்கன் கீழ் ஆணிக்கு இறங்கும். திரும்பினால், “வந்தாச்சு” என்று சொல்லி மேல் ஆணியில் மாட்டுவார். தலை நரைத்த எனக்கும் ஒரு நம்பர், பதினேழு. எத்தனையோ முறை சண்டை போட்டும் அதை அவர் கழற்றவில்லை.

இந்த லட்சணத்தில் நகரத்து மியூசியம் ஒன்று போட்டி அறிவித்தது. பல லட்சம் வருடத்துக்கு முந்தைய ஆதிமனிதனின் எலும்புகளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேர் வைக்கலாம். என் மகள் ஜெனி ‘பப்லு’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினாள். கூடப் போன நானும் அவளும் அவர் வீட்டு கேட்டருகே மாட்டிக்கொண்டோம். விஷயத்தைக் கேட்டதும் டோக்கன்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஒர்த்தன் இத்தன வருசம் கழிச்சி மேல வந்துகிறான். அவனுக்கு நாய்க்குட்டி பேரா? நட, நானும் வர்றேன்.”

மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டி முன்னால் தொப்பியைக் கழற்றினார். அடுத்த நொடி, போட்டி நடத்திய அம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

“இவுரு பேரு இன்னான்னு தேடுனீங்களா?”

“ஸ்வல்ப மெதுவா பேசுங்க சார். இவங்களுக்குப் பேசவே வராது. பேர் எப்படி இருக்கும்?”

“பேச வராத கொழந்தைய அம்மா கூப்புட மாட்டாளா? ஏதோ ஒரு சத்தம் போட்டுக் கூப்ட்டு, வரலியேன்னு நின்னிருப்பா. பேரு தெரியலன்னா அந்தாளுகிட்ட மன்னிப்பு கேளுங்க. சாக்லேட் குடுத்துப் போட்டி வெக்காதீங்க.”

கூட்டம் சிரித்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஜெனி மட்டும் சிரிக்கவில்லை. தாளில் ‘பப்லு’ என்பதை அடித்துவிட்டு, ‘வந்தாச்சு’ என்று எழுதிப் பெட்டியில் போட்டாள்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஜெனி எழுதியது பேரே இல்லையாம், தள்ளிவிட்டார்கள். பரிசு ‘டிங்கு’வுக்கு. பல லட்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்து வந்தவர் இனி டிங்குவாம். காலையில் டோக்கன்காரர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு மியூசியத்தின்மேல் திரும்பிவிட்டது. ஆட்டோவில் வழிநெடுக நான் திட்டினேன், ஜெனி அழுதாள்.

தெருவுக்கு வந்ததும் டோக்கன்காரர் உள்ளே போய் நம்பர் இல்லாத ஒரு பித்தளை டோக்கனைக் கொண்டுவந்தார். மேல் ஆணியில் மாட்டினார்.

“வந்தாச்சு,” என்றார் ஜெனியிடம். “டிங்குன்னு அவங்க கூப்டட்டும். இங்க நீ வெச்ச பேருதான்.”

பிறகு எங்கள் மூவரின் டோக்கன்களையும் மேலே மாட்டிவிட்டுக் காபி கேட்டார். கொண்டுவந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கிதான் சூடா குடிக்கிறாரு. தெனம் பதினேழு வர்ற வரைக்கும் தொடமாட்டாரு. ஆறிப் போயிடும்.”

ஆபீஸ் விட்டதும் டீக்கடையில் நின்று, அரட்டையடித்து, ஆடி அசைந்து வீடு திரும்புகிற ஆள் நான். இப்போதெல்லாம் வழியில் எங்கும் நிற்பதில்லை.