பேரிங் ஏன் மாற்றப்படவில்லை

அன்புள்ள மகன் அருட்செல்வனுக்கு,

உரும்பிராயிலிருந்து அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நான் சுகம். ஜேர்மனியில் நீயும் மருமகள் சாருஜாவும் குளிரில் வருத்தம் துன்பமின்றி இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போனில் நீ மோட்டரைத் தவிர வேறொன்றும் கதைக்க விடாதபடியால் இதைக் கடுதாசியில் எழுதுகிறேன். அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் முடித்துப் புறப்படும்போது தோட்டத்துக் கிணற்று மோட்டரில் ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டி, நீ விளங்கப்படுத்தினாய். பேரிங்குக்குள் குண்டு உருளும் வளையத்தில் பொட்டளவு பள்ளம் விழுந்தாலும் ஒவ்வொரு குண்டும் அதிலே தட்டுமாம், இரைச்சலுக்குள்ளை அது எங்கடை காதுக்குப் பிடிபடாதாம், பெட்டி அதிர்வை வாங்கி, ஒரே இடைவெளியிலை வாற அந்தத் தட்டை மட்டும் பிரிச்சு உன்ரை போனுக்குக் கோடாக் கீறி அனுப்புமாம். நல்ல சாமான். நீ போனபிறகு உன்ரை போன் கோல் குறைஞ்சு, நல்லநாள் பெருநாளோடை நிண்டுது. பிறகு ஒருநாள் விடியவே கோல் எடுத்தாய். எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு.

"அப்பா, பேரிங் போகப்போகுது, உடனை மாத்துங்கோ."

"சாப்பிட்டியோ தம்பி?"

"வெளி வளையம்தான் பழுது அப்பா."

புத்தூர் மெக்கானிக் றஞ்சித் புதுப் பேரிங்கோடை வந்தவன்தான். தேத்தண்ணி குடுத்துத் திருப்பி அனுப்பிப்போட்டன். "ஏன் ஐயா?" எண்டான். அவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்லுறன். பேரிங் பழுதான நாளிலையிருந்து நீ தினமும் எடுக்கிறாய். கோடு எவ்வளவு உயருதோ அவ்வளவு நேரம் கதைக்கிறாய். போன கிழமை நல்லா உயர்ந்து, மருமகளும் வந்து கதைச்சவ. மாத்தினால் ஆர் எடுக்கப்போகினம்? அம்மா இருக்கேக்கை அவ கதைக்க நான் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அவவின்ரை நெஞ்சுக்குள்ளை இருந்த பழுது பக்கத்திலை படுத்த எனக்கே கேட்கேல்லை. இப்ப வீட்டிலை கேட்கிறதுக்கு ஒண்டுமில்லை.

ஆனபடியால் கோவியாதை. மோட்டர் இன்னும் ஒரு வருசம் இழுக்கும். வெங்காயத்துக்குத் தண்ணி பாயுது, ஒரு குறையுமில்லை. நீ வழமைபோல என்னை ஏசு, நான் கேட்டுக்கொண்டிருப்பன்.

ஏசுகிற வாய்க்கும் பக்கத்தில் இருந்து சிரிக்கிற மருமகளுக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காப்பாராக.

இப்படிக்கு,
அப்பா நமசிவாயம்

பி.கு.: இந்தக் கடுதாசியை ஒட்ட முந்தியே மோட்டர் இறுகி எரிஞ்சுபோச்சு. வெங்காயம் வாடுது. இனி அது அதிராது, உன்ரை போனுக்கு ஒரு தட்டும் வராது. அதைப் பார்த்து அப்பா சுகமெண்டு நினைச்சிடாதை. கோல் எடு.