குட்டைக்குச் சொந்தக்கார டால்பின்

ஒரு காட்டில், யார் தயவும் இல்லாமல் தானே முட்டி மோதி வளர்ந்த மூக்காயி என்ற எருமை இருந்தாள். கொம்பாலேயே மண்ணைக் குத்திக் குத்தித் தனக்கென்று ஒரு குட்டை வெட்டியிருந்தாள். அதில் தவளை கொஞ்சம் சத்தமாகக் கத்தினாலும் அவளுக்குக் கோபம் வரும்.

ஒரு கோடையில் குட்டையை ஆழப்படுத்தும்போது கொம்பில் 'டங்' என்று ஏதோ பட்டது. நீண்ட மூக்கும் வரிசைப் பல்லுமாக ஓர் எலும்புக்கூடு கல்லாய்ச் சமைந்து கிடந்தது. பரிசு ஏதாவது தேறும் என்று நினைத்து, காட்டு அதிகாரி கருங்குரங்காரிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். புத்தி கெட்டவள்!

கருங்குரங்கார் வந்து பார்த்தார். "இது டால்பின். இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால், இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்தவர். இவர் இனமே இப்போது பூமியில் கிடையாது" என்றவர், நோட்டைத் திறந்து எழுதினார்: 'குட்டை டால்பினுடையது. மூக்காயி ஆக்கிரமிப்பு. ஏழு நாளில் காலி செய்யவும்.'

மூக்காயிக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், அவன் செத்துப்போனவன்யா!"

"இறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"எலும்பு கிடக்குதே, கண்ணு தெரியலையா?"

"எலும்பு எல்லார் உடம்பிலேயும்தான் இருக்கு. செத்த இருபத்தோரு நாளுக்குள்ள பதிஞ்சிருக்கணும். இப்போ பதியணும்னா, செத்ததைக் கண்ணால பார்த்த சாட்சி ரெண்டு பேர் வேணும். அதுவரைக்கும் எங்க ரெக்கார்டுபடி அவர் உயிரோட இருக்கார்."

"சரி, பாதிக் குட்டை அவனுக்கு, பாதி எனக்கு."

"குறுக்கே படுத்திருக்காரே. எழுந்து நகரச் சொல்லவா?"

"கால்வாசி? ஒரு மூலை? வால் நனையிற அளவு?"

"ரத்த சொந்தம்னா மட்டும்தாம்மா கூட இருக்கலாம்."

மூக்காயியின் காது விடைத்தது. பேரத்தில் வளர்ந்தவளுக்கு, எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியாதா?

"அதைத்தானேங்க ஐயா சொல்ல வந்தேன். அவர் எங்கப்பா."

கருங்குரங்கார் அவளைக் கொம்பிலிருந்து குளம்புவரை பார்த்தார். "ஆதாரம்?"

"இல்லைன்னா அவரே எழுந்து சொல்லட்டும்."

கருங்குரங்கார் எலும்புக்கூட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது மறுக்கவில்லை. முத்திரை விழுந்தது.

அடுத்த மாதம், எலும்புக்கூட்டை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப்போக நாலு கரடிகள் கயிறோடு வந்தன. கழுத்துவரை தண்ணீரில் கிடந்த மூக்காயி சீறினாள்:

"மெதுவாப் பேசுங்கடா. அப்பா தூங்குறார்."

நீதி: செத்தவரைச் செத்தார் என்று நிரூபிக்க ஓர் ஆயுசு போதாது, அப்பா என்று கூப்பிட ஒரு வாய் போதும்.