படத்தில் இன்ஸ்பெக்டர் எங்கே?

வாழ்க்கையில் நான் முழுதாகப் படித்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். ஒரே ஒரு புத்தகம் படித்தவனுக்கு இருக்கிற திமிர், நூலகத்தையே படித்து முடித்தவனுக்குக்கூட இருக்காது. அந்தத் திமிரால்தான் என் மானம் ஒரு சினிமா தியேட்டரில் போனது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் (நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?). படிப்பு அஞ்சாவது. பிறகு கருமத்தம்பட்டியில் ஒரு லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினேன். இன்று கோயமுத்தூரில் கிணற்று மோட்டார் செய்கிற சொந்தப் பட்டறை. என் மோட்டார் இறங்காத கிணறு தாராபுரம் வரைக்கும் தேடினாலும் அகப்படாது. இன்ஜினீயரிங் படித்த பையன்கள் என் முன்னால் கை கட்டி நிற்கிறார்கள் (மோட்டார் ஓடாதபோது மட்டும்).

அந்தப் புத்தகத்தின் பெயர் 'பாதாளக் குதிரை'. லேத்துப் பட்டறைக்குப் பக்கத்துச் சலூன்காரர், பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டு வைத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பறக்கும் குதிரை, பேசும் பாறை, இளவரசியைப் பாதாளத்தில் அடைத்த மந்திரவாதி. அவனை யாராலும் ஜெயிக்க முடியாத கட்டத்தில் புல்லட்டில் ஓர் இன்ஸ்பெக்டர் வருவார். ஊட்டியில் ஒரு லாட்ஜின் கதவை எட்டி உதைத்து, "கையைத் தூக்கு!" என்பார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். சலூன்காரர் கடையைக் காலி செய்தபோது புத்தகத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

என் பிள்ளைகள் சோறு தின்றதே அந்தக் கதையைக் கேட்டுத்தான். சின்ன மகள் சுதா மட்டும் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, ராஜா காலத்துல புல்லட் ஏதுங்கப்பா?"

"ஏங்கண்ணு, குதிரை வானத்துல பறக்குது, அதை நம்பறே. புல்லட்டு தரையிலதான் ஓடுது, அதை நம்ப மாட்டியா?"



அந்தச் சுதாவுக்குத் தாராபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு இவளைப் பிடித்துவிட்டது, இவளுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா ரிட்டயரான தமிழ் வாத்தியார். வீடு முழுக்கப் புத்தகமாம். "பொண்ணோட அப்பா என்ன படிச்சிருக்காருங்க?" என்று தரகரிடம் கேட்டாராம். அதற்குப்பின் அங்கிருந்து பேச்சு மூச்சு இல்லை. சுதா போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். இந்தச் சம்பந்தம் என் அஞ்சாவதால் தட்டிப்போய்விடுமோ என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து 'பாதாளக் குதிரை' படமாக வந்தது. கடவுளே எனக்காகப் படம் எடுத்து அனுப்பினதாக நினைத்தேன். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வரிசை டிக்கெட் எடுத்து, "நானும் படிக்கிற ஆளுதானுங்க, வாங்க" என்று வாத்தியாரைக் கூப்பிட்டேன். கிளம்பும்போதே என் மனைவி ராஜாமணி சொன்னாள்: "ஏனுங்க, அங்க வந்து வாயத் தொறக்காதீங்க. அந்தப் புள்ள மொகத்தப் பாத்தாவது சித்த சும்மா இருங்க."

சும்மா இருக்கிற ஆளா நான்? வாத்தியார் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தேன். குதிரை வந்தது. பாறை பேசியது. வாத்தியார்கூட, "அட, அப்படியே சொல்றீங்களே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இருங்க, இன்ஸ்பெக்டர் வரட்டும். அப்பறம் பாருங்க படத்த."

"யாருங்க?"

"இன்ஸ்பெக்டருங்க. புல்லட்டுல வருவாரு."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நானும் சின்னதுல படிச்சிருக்கறனுங்க. இன்ஸ்பெக்டர் வரமாட்டாருங்களே."

"நீங்க பாடப் புத்தகம் படிச்சவருங்க. நான் கதைப் புத்தகம் படிச்சவன்." (இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.)

கடைசிக் காட்சி. மந்திரவாதியை இளவரசன் குதிரை மேலிருந்தே குத்திக் கொன்றுவிட்டான். ஊட்டியும் இல்லை, லாட்ஜும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினேன்: "ஏப்பா! இன்ஸ்பெக்டர் எங்கப்பா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பந்தோபஸ்துக்குப் போயிருக்காருங்க, உக்காருங்க!"

தியேட்டரே சிரித்தது. சுதா தலையைக் குனிந்துகொண்டாள். அதோடு விட்டேனா? வெளியே மைக்கோடு நின்ற யூடியூப் பையன், "படம் எப்படிங்கய்யா?" என்றான்.

"படமா இது? இன்ஸ்பெக்டரையே வெட்டிப்போட்டாங்க! போலீசுக்குப் பயந்துட்டாங்க தம்பி. நான் புத்தகத்தக் கரைச்சுக் குடிச்சவன், எங்கிட்ட நடக்குமா?"

காபிக்கு என்று எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து, பீரோவைத் திறந்து புத்தகத்தை எடுத்து, வெற்றிவீரனாக வாத்தியார் கையில் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"இந்தப் பக்கத்துல மேல என்ன போட்டிருக்குதுங்க?"

"'ஊட்டி லாட்ஜில் ஒரு பிணம்.' அது அத்தியாயத்தோட தலைப்புங்க."

"இல்லீங்க. அது வேற தொடர்கதைங்க. அதே பத்திரிகையில வந்த துப்பறியும் கதை. பைண்டு பண்ணுனவரு நடுவால சேத்துத் தெச்சுப்போட்டாரு."

மந்திரவாதிதான் உருமாறி லாட்ஜ் மேனேஜராக உட்கார்ந்திருக்கிறான், பாதாளத்துக்கு வழி மேட்டுப்பாளையம் தாண்டித்தான் என்று இத்தனை காலம் நம்பியவன் நான். பக்கத்தில் நின்ற ராஜாமணி, தனக்குள் பேசுவதாக நினைத்து உரக்கவே கேட்டுவிட்டாள்:

"அப்ப இதுக்குத்தானுங்களா கல்யாணமான புதுசுல என்னைய ஊட்டியில லாட்ஜு லாட்ஜா நடக்க வெச்சீங்க?"

வாத்தியார் குடும்பம் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, "வாரோமுங்க" என்று கிளம்பிவிட்டது.

அப்புறம் போன் இல்லை. என் வீடியோ மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. பட்டறையில் நான் நுழைந்தால் யாராவது விறைப்பாகச் சல்யூட் அடித்தார்கள். அதெல்லாம் போகட்டும். சுதா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லீங்கப்பா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பையனின் அம்மா.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு பல்லுத் தெரியச் சிரிச்சு நான் பாத்ததே இல்லீங்க. எங்க ஊடே பள்ளிக்கூடமாட்ட இருக்கும். இப்ப உங்க வீடியோவப் போட்டுப் போட்டுக் கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறாருங்க. அந்த ஊட்டுப் புள்ள வந்தாத்தான் நம்மூடு கலகலன்னு இருக்கும்னு அவரே சொல்லிப்போட்டாருங்க. எப்ப வரட்டுமுங்க, நிச்சயம் பண்ண?"

போனைச் சுதாவிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் (தூசிதான்).

இப்போது பேத்திக்கு நான்கு வயது. போன லீவுக்குத் தாராபுரம் போயிருந்தபோது, சம்பந்தி அவளை மடியில் வைத்துப் 'பாதாளக் குதிரை' சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சரியான கதையைத்தான் சொல்லிப் பார்த்தாராம். நான் சொன்ன கதையைக் கேட்டே சோறு தின்கிறவள், "இது தப்பு தாத்தா" என்று எழுந்து போய்விட்டாளாம். இலக்கணம் பிசகினால் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருப்பி அனுப்புகிற மனிதர், நான் வாசற்படியில் நிற்பது தெரியாமல், கையை இரண்டு பக்கமும் நீட்டிப் புல்லட் ஓட்டிக்கொண்டிருந்தார், வாயால் சத்தம் வேறு.

என் கதையில் புல்லட்டில் வருகிறவரை நான் இன்ஸ்பெக்டராகத்தான் விட்டிருந்தேன். சம்பந்தி பிரமோஷன் கொடுத்து டி.எஸ்.பி. ஆக்கிவிட்டார்.