நூறு வாங்கிய பெட்டிகள்

காலையிலிருந்து பொறியாளரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது ஒரு தொண்ணூற்றேழு.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு சார்," என்றார் இயக்குநரிடம், துக்கச் செய்தி சொல்லும் குரலில்.

"பலே. மிச்ச மூணையும் வாங்கிடுங்க. பதினோரு மணிக்குச் சோதனை அதிகாரி வர்றாங்க."

"எண்பத்தஞ்சைத் தாண்டவே கூடாது சார்."

"எண்பத்தஞ்சு பாஸ், தொண்ணூத்தேழு ஃபெயிலா? நீங்க எந்த ஸ்கூல்யா?"

விஷயம் இதுதான். வங்கிகளின் ரகசியப் பூட்டுகளுக்கு யாராலும் முன்கூட்டி ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அதற்காக இரண்டு பெட்டிகள் வாங்கியிருந்தார்கள், அறைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை என இரண்டு பொத்தான். விளக்கு மின்னும்போது இரு அறையிலும் ஆளுக்கொன்றை மனம்போனபடி அழுத்த வேண்டும். பெட்டி பூஜ்யம் அல்லது ஒன்று என்று பதில் சொல்லும். இருவருமே சிவப்பை அழுத்தினால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்றபடி ஒன்றாக இருக்க வேண்டும். நூறு தடவையில் எத்தனை தடவை இப்படிச் சரியாக வந்தது என்பதே மதிப்பெண்.

ஒரே பட்டியலை ஆளுக்கொரு நகலாக மனப்பாடம் செய்த பெட்டிகள் சிவப்புக்குச் சிவப்பு வரும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும், எழுபத்தைந்துதான் தேறும். நிஜமான குவாண்டம் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசாமலே எண்பத்தைந்து வரை போகும். அப்படிப் போனால் பதில் எங்கும் முன்பே எழுதிவைக்கப்படவில்லை, செய்தவனுக்கே தெரியாது என்று அர்த்தம். அதற்கும் மேலே போனால், எங்கோ குசுகுசுப்பு நடக்கிறது.

இயக்குநருக்கு இதில் 'குவாண்டம்' என்ற சொல் மட்டும் பிடித்திருந்தது. தன் அறைக் கதவில் பெயருக்கு முன்னால் அதைப் பொறித்திருந்தார். "யார் எதை அழுத்தினாங்கங்கிற பட்டியலெல்லாம் பார்க்கிறவங்களைக் குழப்பும்" என்று திரையில் மதிப்பெண்ணை மட்டும் காட்டச் சொன்னவரும் அவரே. "பெட்டிகள் சரியானவை" என்று கையெழுத்துப் போட்டது மட்டும் பொறியாளர். அதிகாரி முகம் சுளித்தால் வேலை போவதும் அவருக்குத்தான்.

பொறியாளர் முதலில் வயர்களையெல்லாம் பிடுங்கினார். பிறகு பொத்தான் அழுத்துபவர்களிடம் போனார். முதல் அறையில் டைப்பிஸ்ட் அம்மா. இரண்டாவதில், கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் சும்மா இருந்த டிரைவர்.

"சிவப்போ பச்சையோ, உங்க இஷ்டம்ணே. ஆனா கை தடுமாறக் கூடாது."

"சரிங்க சார்."

தொண்ணூற்றொன்பது வந்தது.

பொறியாளர் இரண்டாம் பெட்டியைப் பின்கட்டிடத்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார். ஒரு பக்கம் டிரைவர், மறுபக்கம் அவர். வழியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரின் போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நானும் அவரும் என்ன பேசிக்கப் போறோம்?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "ஏழு வருஷத்துல அவர் வண்டி எடுக்கும்போது 'நகருங்க'ன்னு சொன்னதுதான் மொத்தப் பேச்சு."

பொறியாளர் இடுப்பைப் பிடித்தபடி ஸ்டோர் ரூமுக்கு நொண்டினார். "அண்ணே, என் வேலை உங்க விரல்ல இருக்கு. ஒரு தடவைகூடத் தப்பக் கூடாது."

டிரைவர் நெகிழ்ந்துபோனார். "கவலைய விடுங்க சார்."

நூறு.

பதினோரு மணிக்கு அதிகாரி அம்மா வந்தபோது வாசலிலேயே '100' என்று பலகை வைத்திருந்தார் இயக்குநர். அந்த அம்மா அதைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நூறா? பெட்டிங்க பேசிக்குதா, நீங்க பேச வைக்கறீங்களா?"

"அவ்வளவு ஒற்றுமை மேடம்," என்றார் இயக்குநர் பூரித்து. "என் மச்சான் கம்பெனிப் பெட்டி. கண்ணை மூடிட்டு நம்பலாம்."

"யாரையும் நம்பத் தேவையில்லாம இருக்கத்தானே இந்த விளையாட்டே? பெட்டி சரின்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

இயக்குநரின் விரல் கேள்வி முடியும் முன்பே பொறியாளரைக் காட்டியது.

"வயர் இல்ல மேடம், போன் இல்ல, நடுவுல ஒரு கட்டிடமே இருக்கு," என்றார் பொறியாளர். "எப்படிப் பேசுதுன்னு எனக்கே புரியல."

அதிகாரி பேனாவைத் திறந்தார். அந்த நேரத்தில் டிரைவர் வந்து நின்றார்.

"என் போனு சார்... வண்டி ரெடியான்னு கேக்கணும்." பொறியாளரின் முகத்தைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. "என்னாலயா சார்? காலையில ஏழெட்டுத் தடவை விரல் வழுக்கி மேல பட்டுச்சு, ஒத்துக்கறேன். நீங்க சொன்னதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல."

அதிகாரியின் பேனா நின்றது. "எது மேல பட்டுச்சு?"

"சிவப்பு மேலதாங்க," என்ற டிரைவர் இயக்குநரைப் பார்த்தார். "பெட்டியை வெச்சுட்டுப் போறப்பவே உங்க மச்சான் காதோட காதா சொன்னாரே சார், 'அண்ணே, இந்த ரூம்ல யார் உட்கார்ந்தாலும் சிவப்பை மட்டும் தொடவே கூடாது'ன்னு."