அலமாரி மேல் ஒரு கண்

இரண்டரை வயது மகள் செய்தித்தாளில் இருந்த யானையை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்த்தாள். யானை அசையவில்லை என்றதும் அழுதாள். அப்பாவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் யாரோ குழந்தைக்குத் திருட்டுத்தனமாகப் போன் காட்டுகிறார்கள்.

அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். சோடாபுட்டிக் கண்ணாடிக்கு வந்து நிற்கும் பொடிசுகளை நாள்தோறும் பார்த்துப் பார்த்து, தன் பிள்ளைக்கும் அந்தக் கதியா என்று பயந்துபோயிருந்தார்.

மனைவியைக் கேட்டார். ஆபீஸில் தனக்கே போன் பார்க்க நேரமில்லை என்றாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தியாளைக் கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே இல்லை என்றாள். அந்த அவசரம்தான் அவருக்கு இடித்தது.

வீட்டில் படம் பார்க்க இருந்த டேப்லெட்டைப் பீரோ மேல் ஒளித்தார். யாராவது எடுத்தார்களா, சூடாக இருக்கிறதா என்று மாலைதோறும் இறக்கித் தொட்டுப் பார்த்தார். அதுவரை இடம் தெரியாத குழந்தைக்கும் இடம் தெரிந்துபோனது. பீரோவைக் காட்டி வீடே இரண்டுபடக் கத்தினாள்.

கடைசியில் அலமாரி மேல் கேமரா வைத்தார். கடையிலிருந்து பேசினால் வீட்டில் கேட்கும் வகை. மறுநாள் கடையில் எதிரில் ஒருவர் எழுத்துகளைத் தப்பும் தவறுமாக வாசிக்க, இவர் போனில் வீட்டைப் பார்த்தபடி "சரி, சரி" என்றார்.

மதியமே கையும் களவுமாகப் பிடித்தார். கொழுந்தியாள் ஒரு கையில் கிண்ணம், மறு கையில் போனுடன் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழ வை."

வீட்டில் கிண்ணம் உருண்டது. குழந்தை அலமாரியை அண்ணாந்து பார்த்தாள்.

அன்றிலிருந்து வாயைத் திற, மென்னு முழுங்கு, தூங்கு செல்லம் எல்லாம் அலமாரி வழியாகத்தான். கடையில் வேலை தேங்கியது. முதலாளி இருந்து முடித்துவிட்டுப் போகச் சொன்னார். காலையில் குழந்தை எழும் முன் இவர் கிளம்புவார்; இரவு வீடு திரும்புவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. போன் கேட்டுக் குழந்தையிடம் ஒரு சிணுங்கல் இல்லை.

விடுமுறையன்று சோபாவில் சாய்ந்து மகளை மடிக்குக் கூப்பிட்டார். அவள் ஓடிப்போய்ச் சித்தியின் பின்னால் ஒளிந்து, ஏதோ கிசுகிசுத்தாள்.

"பார்த்தியா, போனையே மறந்துட்டா" என்றார் பெருமையாக.

கொழுந்தியாள் தயங்கினாள்.

"மறந்துட்டா அத்தான். இப்ப அந்தக் கேமராவைத்தான் அப்பாங்குறா. சோபாவுல யாரோ மாமா உக்காந்திருக்காராம், பயமா இருக்காம். அப்பாகிட்ட சொல்லி வெளியே அனுப்பச் சொல்றா."