பட்டன் சாரின் நான்காவது பட்டன்

உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் மூன்று பட்டனுக்கு மேல் தேவையில்லை என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பட்டன் சார்தான். அவர் சட்டையே சாட்சி. ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும்.

கிரிவலப் பாதையோரம் உள்ள எங்கள் சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். கர்ப்பிணிகளின் விவரங்களை நர்ஸ் போனிலேயே பதிவுசெய்ய ஒரு செயலி செய்து தரச் சொல்லிப் பட்டன் சாரை அனுப்பியிருந்தார்கள். வந்த அன்றே நர்ஸ் காமாட்சியின் எட்டுப் பதிவேடுகளையும் புரட்டிவிட்டு, "கட்டம் ஜாஸ்திங்க. கம்மி பண்ணிடலாம்" என்றார். மூன்றே பட்டனில் செயலியை முடித்தார். ஈர விரலுக்குப் பட்டன் அமுங்குகிறதா என்று பார்க்க, நர்ஸை அடிக்கடி கை நனைக்கச் சொல்வார். சிக்னல் தேடி இரண்டு போன்களைத் தலைக்கு மேல் பிடித்தபடி மலையைச் சுற்றியபோது, ஏதோ வேண்டுதல் என்று நினைத்து இரண்டு பேர் அவர் காலில் விழுந்திருக்கிறார்கள். நேரம் காலை 6.40. என் டைரியில் இருக்கிறது.

சிக்கல் மாதவிலக்குத் தேதியில் வந்தது. பிரசவ நாளை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். எப்படிக் கேட்பது என்று கல்யாணமாகாத பட்டன் சார் விசாரிக்க, கூச்சப்பட்ட நர்ஸ், கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டாய் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள் என்றார். நர்ஸ் கேட்டால் புரியும்தான். சார் அதைத் தம் கட்டைக் குரலில் பதிந்து, போனைக் கேட்க வைத்தார். வந்த பெண்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை என்றார்கள். ஏழு மாத வயிற்றோடு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த லட்சுமிக்கு, கர்ப்பம் முதல் வாரம் என்று செயலி அறிவித்தது.

"அப்போ இது சோறாங்க சார்?" என்று அவள் வயிற்றைத் தொட்டுக் கேட்டாள்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. லட்சுமிக்கு முதல் பிரசவம் ஆபரேஷன். இந்த முறை வலி எடுப்பதற்கு முன்பே டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும். அவளோ பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியவள். கையில் ஒரு சீட்டும் இல்லை.

"தேதியெல்லாம் தெரியாதுங்க. சித்ரா பௌர்ணமிக்கு அவ்ளோ கூட்டம், நான் மட்டும் எங்க கற்பூரக் கடையில உட்காரல. அன்னிக்குத்தான் தூரமானேன். எங்க அத்தை இன்னும் சொல்லிக் காட்டுது."

பட்டன் சார் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து காலண்டரைப் பார்த்தார். டாக்டரம்மா விரல்விட்டு எண்ணி, தைப் பௌர்ணமிக்கு முன்பே சேர்ந்துவிட வேண்டும் என்றார். பௌர்ணமியன்று எங்கள் பாதையில் ஆம்புலன்ஸ் நுழைவது நடக்காத காரியம்.

மறுநாள் செயலியில் கட்டைக் குரல் இல்லை. வட்டமாக ஒரு மஞ்சள் பட்டன் முளைத்திருந்தது. தொட்டால் கடந்த பௌர்ணமிகள் வரிசையாக வரும். அதற்கு எத்தனை நாள் முன்னே, பின்னே என்று நர்ஸ் கேட்டுத் தட்டினால் போதும்.

"நாலு ஆயிடுச்சே சார். ஒண்ணு ஜாஸ்தி" என்றேன்.

"அது பட்டன் இல்லைங்க. நிலா."

லட்சுமி தைப் பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னதாகவே டவுனில் சேர்ந்துவிட்டாள். பௌர்ணமியன்று பாதையெங்கும் தலைகள். பட்டன் சார் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் காலையிலிருந்து ஒரு இட்லிகூடச் சாப்பிடாமல் நின்றிருந்தார். கேட்டால், செயலியின் கணக்கைச் சரிபார்க்க வந்தாராம். பெண் குழந்தை, 3.25-க்கு.

மாசியில் அவருக்கு வேறு மாவட்டத்தில் வேலை வந்தது. கிளம்பும் முன் நர்ஸ் அவர் சட்டையை வாங்கி, விட்டுப்போன இரண்டு பட்டன்களையும் தைத்துக் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்து, வழக்கம்போல நேரத்தைக் குறித்தேன். அதன் கீழே எழுதினேன்: ஒரு ஆள் கம்மி.